விண்ணிற் கண்டதும் மண்ணுக்கு உரைத்ததும்: செய்மதிவழி அனர்த்தக் காப்பின் வரலாறு

வங்காள விரிகுடாவின் நடுவிலே உருவாகும் தாழமுக்கம் ஒன்று, சில நாள்களுள் சூறாவளியாகி ஆந்திரக் கரையையும் அடையலாம். கங்கைக் கழிமுகத்தையும் அடையலாம். மியன்மாரின் கரையையும் அடையலாம். இலங்கையின் கீழ்க்கரையையும் தாக்கலாம். அது எந்நாட்டுக்கு ஊறு செய்யும் என்பதை அது பிறக்கும் பொழுதே துணிந்து கூறுதல் அரிது. ஆயின், அதனைக் காணுங் கருவிகளோ தனித்தனி நாடுகளுக்கு உரியன. அக்கருவிகள் தருஞ் செய்திகளும் அவ்வந்நாடுகளின் உடைமைகளாகவே கருதப்படுவன. எல்லையறியாத அனர்த்தத்துக்கும் எல்லைக்குட்பட்ட அறிவுக்கும் இடையேயுள்ள இம்முரண்பாடு, கடந்த அறுபத்தைந்து ஆண்டுக்காலச் செய்மதி வரலாற்றினூடே தொடர்ந்து காணப்படுகின்றது.

செய்மதிகளின் வரலாறு பெரும்பாலும் பொறியியலின் வெற்றி வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. எந்நாடு முதலில் ஏவியது, எவ்வளவு உயரத்தில் ஏவியது, எத்தனை படங்கள் கிடைத்தன என்பனவே அதிற் பெரிதும் பேசப்படுகின்றன. அனர்த்தங்களைப் பொறுத்தவரை இவற்றினும் முதன்மையான வினாக்கள் இரண்டு உள. கண்டவர் தாங் கண்டதனை, ஆபத்துக்கு இலக்காகவிருந்த அயலாருக்கு உரைத்தனரோ என்பது முதலாவது வினா. உரைத்த செய்தி தலைநகரத்து அலுவலகத்திலே தங்கிவிடாது கரையோரத்துக் குடிசைவரை சென்றதோ என்பது இரண்டாவது வினா. இவ்விரண்டு இடைவெளிகளும் எவ்வெவ்வுடன்பாடுகளால் எவ்வளவுக்குக் குறைக்கப்பட்டன என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

வானிலைச் செய்தியை நாடுகள் தம்முட் பகிர்ந்துகொள்ளுதல் செய்மதியோடு பிறந்த வழக்கமன்று. தந்திக் கம்பிகள் நாட்டுக்கு நாடு தொடுக்கப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, புயல் ஒரு நகரத்தைக் கடந்து மற்றொரு நகரத்தை அடையுமுன் அதுபற்றிய செய்தி அங்குச் சென்று சேர்தல் கூடும் என்பதை அறிஞர் உணர்ந்தனர். 1873ஆம் ஆண்டு வியன்னா நகரிற் கூடிய மாநாட்டின் வழியாகச் சர்வதேச வளிமண்டலவியல் அமைப்பு உருவாயிற்று. அதன் வழித்தோன்றலாகிய உலக வளிமண்டலவியல் நிறுவனம் 1950இல் நிலைபெற்று, அடுத்த ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சிறப்பு முகவரகங்களுள் ஒன்றாயிற்று. எனினும், இப்பகிர்வுக்குத் தடைகள் இரண்டு இருந்தன. ஒன்று போர். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே வானிலை அறிக்கைகள் படைத்துறை இரகசியங்களாக மறைக்கப்பட்டன. மற்றையது கடல். நிலத்திலே நோக்கு நிலையங்களை விரும்பியாங்கு நிறுவலாம். கடலிலோ அவ்வழியாற் செல்லும் கப்பல் ஒன்று அனுப்புஞ் செய்தியையே நம்பியிருத்தல் வேண்டும். புயலைக் கண்ட மாலுமி அதனை விட்டு விலகிச் செல்வதே முறையாதலின், புயல் எத்துணைக் கொடியதோ அத்துணைக்கு அதன் நடுவிடத்திலிருந்து வருஞ் செய்தியும் அருகியது.

இக்குறையை நீக்கும் வழி விண்வெளியிலே உண்டென்பதைச் செய்மதிகள் தோன்றுமுன்னரே கண்டுரைத்தோர் சிலர். ஐக்கிய அமெரிக்காவின் வானிலை ஆய்வாளராகிய ஹரி வெக்ஸ்லர் 1954ஆம் ஆண்டிலே, பூமியை மேலிருந்து நோக்குங் கருவி ஒன்று புயல்களை எவ்வாறு காட்டுமென விளக்கினார். இப்பொருள்பற்றி அவரோடு கடிதத் தொடர்பு கொண்டவர்களுள், இரண்டாண்டுகளின் பின் இலங்கையிற் குடியேறிய ஆதர் சி. கிளாக்கும் ஒருவர். சர்வதேச புவிப்பௌதிக ஆண்டு நடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில், 1957 ஒக்டோபர் 4ஆந் தேதி சோவியத்து ஒன்றியம் ஸ்புட்னிக் என்னும் முதற் செய்மதியை ஏவியது. 1960 ஏப்பிரல் 1ஆந் தேதி ஐக்கிய அமெரிக்கா டைரோஸ்-1 என்னும் முதலாவது வானிலைச் செய்மதியை ஏவியது. இரண்டு தொலைக்காட்சிக் கமராக்களைத் தாங்கிச் சென்ற அது 78 நாள்கள் தொழிற்பட்டு, ஏறத்தாழ 23,000 படங்களை அனுப்பியது. ஏவப்பட்டுப் பத்து நாள்களுள்ளேயே தென் பசிபிக்குக் கடலிற் சுழன்றுகொண்டிருந்த சூறாவளி ஒன்று அதன் படத்திற் பதிந்தது. கப்பல் அணுகவொண்ணாத இடத்தைக் கமரா அணுகியது. கடல் என்னும் தடை நீங்கத் தொடங்கிற்று. மற்றைத் தடையாகிய பகைமை எஞ்சி நின்றது.

அக்காலமோ கெடுபிடிப் போர்க்காலம். ஒரு வல்லரசின் செய்மதி மற்றை வல்லரசின் நிலத்தின்மேற் செல்வதே ஐயத்துடன் நோக்கப்பட்டது. அத்தகைய சூழலிலே, 1961 செப்டெம்பர் 25ஆந் தேதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் உரையாற்றிய அமெரிக்கச் சனாதிபதி கென்னடி, வானிலை முன்னறிவித்தலில் எல்லா நாடுகளும் கூடி உழைக்கவேண்டுமென முன்மொழிந்தார். அவ்வாண்டு டிசம்பர் 20ஆந் தேதி பொதுச்சபை நிறைவேற்றிய 1721ஆம் இலக்கத் தீர்மானம், அதற்குரிய திட்டத்தை ஆய்ந்தளிக்குமாறு உலக வளிமண்டலவியல் நிறுவனத்தை வேண்டிற்று. திட்டத்தை வரையும் பொறுப்பு அமெரிக்கராகிய வெக்ஸ்லரிடமும் சோவியத்து அறிஞராகிய விக்டர் புகாயெவிடமும் ஒப்படைக்கப்பட்டது. அவ்விருவரும் 1962இல் ஆக்கிய அறிக்கையின் அடியாக எழுந்ததே 1963இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டம். உவாசிங்டன், மொஸ்கோ, மெல்பேண் ஆகிய மூன்று நகரங்கள் அதன் உலக நிலையங்களாயின. கியூபா நெருக்கடியால் உலகம் அணுவாயுதப் போரின் விளிம்பில் நின்றதும் அதே 1962ஆம் ஆண்டு என்பதை நினைவுகூரின், அவ்வறிக்கையின் அருமை நன்கு விளங்கும்.

இக்காலத்திலே செய்யப்பட்ட மற்றொரு காரியம் பெரிதும் பேசப்படுவதில்லை. எனினும், அதன் பயன் பெரிது. 1963 டிசம்பரில் ஏவப்பட்ட டைரோஸ்-8 செய்மதியில், படங்களைத் தானாகவே கீழ்நோக்கி ஒலிபரப்பும் கருவி ஒன்று முதன்முறையாகப் பொருத்தப்பட்டது. செய்மதி தலைக்குமேற் செல்லும் வேளையில், மிகுந்த செலவில்லாத ஒரு வாங்கியை வைத்திருக்கும் எந்நாடும் அப்படத்தை நேரே பெற்றுக்கொள்ளலாம். ஒருவர் அனுமதியையும் வேண்டவேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. செய்மதியை ஆக்கும் வலியில்லாத நாடுகளும் அதன் காட்சியிற் பங்குபெறுவதற்கு இந்த ஏற்பாடே வழி திறந்தது.

செய்மதிகளையே இரவலாக வழங்கிய நிகழ்ச்சிகளும் உள. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் வைக்கப்படுஞ் செய்மதி, பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழல்வதால், ஓரிடத்தையே இடையறாது நோக்கிநிற்கும். உலகைச் சுற்றி இத்தகைய செய்மதிகள் ஐந்தை நிறுத்த எண்ணியபோது, இந்து சமுத்திரத்துக்குரிய இடம் சோவியத்து ஒன்றியத்தின் பொறுப்பாயிற்று. அச்செய்மதி குறித்த காலத்திலே ஆயத்தமாகவில்லை. எனவே, 1978ஆம் ஆண்டின் இறுதியில் உலக வானிலைப் பரிசோதனை தொடங்கியபோது, ஐக்கிய அமெரிக்கா தனது கோஸ்-1 செய்மதியை இந்து சமுத்திரத்துக்கு மேலே நகர்த்திக் கொடுத்தது; ஐரோப்பியர் இசுப்பானியாவிலுள்ள தமது நிலையத்திலிருந்து அதனை இயக்கினர். பின்னர், 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குச் செய்மதிப் பற்றாக்குறை நேர்ந்தபோது, ஐரோப்பாவின் மீற்றியோசாட்-3 மேற்கே சென்று உதவிற்று. 2003இல் யப்பானின் செய்மதி மூப்படைந்தபோது, அமெரிக்காவின் கோஸ்-9 அவ்விடத்தை நிரப்பிற்று. சூறாவளிப் பருவத்திலே அயலவனின் கண் மங்குதல் தனக்கும் தீங்கென்பதை நாடுகள் உணர்ந்தமைக்கு இவை சான்றாகும்.

இவ்வாறு முதலாவது இடைவெளி சிறிது சிறிதாகக் குறைந்து வந்தபோதிலும், இரண்டாவது இடைவெளி எத்துணைப் பெரியதென்பதை 1970ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டிற்று. அவ்வாண்டு நவம்பர் 12ஆந் தேதி இரவு, கடல் பெருக்குற்ற வேளையில், கங்கைக் கழிமுகத்தைப் பெருஞ் சூறாவளி ஒன்று தாக்கியது. அக்காலத்திற் கிழக்குப் பாகிஸ்தான் எனப்பட்ட அந்நிலத்திலே மூன்று இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரையான மக்கள் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. தஜுமுதீன் என்னும் பகுதி ஒன்றிலேயே குடிமக்களில் நூற்றுக்கு 45 பேருக்கு மேல் அழிந்தனர். இச்சூறாவளி எவருங் காணாமல் வந்ததன்று. அமெரிக்க வானிலைச் செய்மதிகள் அதனைப் படம்பிடித்தன. வானொலி அபாயச் செய்தியை ஒலிபரப்பிற்று. புயல் வருகின்றதென்பதைக் கரையோரத்தவருட் பலர் அறிந்தேயிருந்தனர். ஆயின், கடல்மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த வண்டற்றீவுகளில் வாழ்ந்த அம்மக்கள், ஆடு மாடுகளையும் நெல்லையும் விட்டு எங்கே செல்வது? ஏறிநிற்க மேட்டுநிலமும் இல்லை; ஒதுங்கியிருக்கக் கற்கட்டடமும் இல்லை. வரும் நீர் எவ்வளவு உயரம் எழுமென எடுத்துரைப்பாரும் இல்லை. விண்ணிலே கண்ட செய்தி மண்ணிலே பயன்படாது போயிற்று. நிவாரணத்தில் மத்திய அரசு காட்டிய மந்தநிலை மக்களின் சினத்தை மூட்டியது. அடுத்த ஆண்டிலே பங்களாதேசம் தனிநாடாயிற்று. புயல் ஒன்று அரசியல் வரலாற்றின் போக்கையும் விரைவுபடுத்தலாம் என்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

அப்பேரழிவின் பின்னர் இரண்டு அமைப்புகள் எழுந்தன. 1972ஆம் ஆண்டு, உலக வளிமண்டலவியல் நிறுவனமும் ஆசியாவுக்கான ஐக்கிய நாடுகளின் பொருளாதார ஆணைக்குழுவும் சேர்ந்து, வங்காள விரிகுடாவையும் அரபிக் கடலையும் அடுத்துள்ள நாடுகளுக்கெனச் சூறாவளிக் குழு ஒன்றை நிறுவின. போராற் பிளவுண்ட இந்தியாவும் பாகிஸ்தானும் பங்களாதேசமும், இலங்கை, மியன்மார், தாய்லாந்து ஆகியவற்றோடு அக்குழுவில் ஒருங்கே அமர்ந்தன. அதே ஆண்டில், பங்களாதேசச் செஞ்சிலுவைச் சங்கம் சூறாவளி ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஊர்தோறும் தொண்டர்களைத் தேர்ந்து, கொடி, ஒலிபெருக்கி, கைச்சங்கு முதலியவற்றைக் கொடுத்து, வானொலியில் வருஞ் செய்தியை வீடுவீடாகச் சென்று உரைக்கப் பயிற்றுவதே அத்திட்டத்தின் உயிர்நாடி. முதலாவது அமைப்பு நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைத்தது. இரண்டாவது அமைப்பு அலுவலகத்துக்கும் குடிசைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைத்தது.

பயன் உடனே விளைந்துவிடவில்லை. 1991 ஏப்பிரல் 29ஆந் தேதி சிட்டகொங் கரையைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ 138,000 பேர் மாண்டனர். எச்சரிக்கை இருந்தது, புகலிடங்கள் போதவில்லை. அதன் பின்னர்ப் பல நாடுகளின் உதவியோடு தூண்கள்மீது உயர்த்திய புகலிடங்கள் பெருந்தொகையாகக் கட்டப்பட்டன. அவற்றுட் பல ஏனைய நாள்களிற் பாடசாலைகளாகப் பயன்படுவன. 2007 நவம்பர் 15ஆந் தேதி சிட்ர் என்னும் பெருஞ் சூறாவளி வந்தபோது, இலட்சக்கணக்கானோர் முன்னதாகவே அகற்றப்பட்டனர். இறந்தோர் தொகை ஏறத்தாழ 3,400 ஆயிற்று. அதுவும் சிறிய தொகையன்று. ஆயினும், 1970ஆம் ஆண்டின் தொகையோடு ஒப்பிடும்போது, செய்மதியும் தொண்டரும் புகலிடமும் ஒன்றுசேர்ந்தாற் பெறப்படும் பேறு தெளிவாகும். இன்று அத்திட்டத்தின் தொண்டர்கள் 70,000 பேருக்கு மேற்பட்டோர்.

இந்தியாவின் கீழ்க்கரையும் இதனையொத்த பாடத்தைப் புகட்டும். 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவி பகுதியைத் தாக்கிய சூறாவளி 10,000 பேருக்கு மேல் உயிர்கொண்டது. 1983 ஓகஸ்ட் 30ஆந் தேதி, அமெரிக்காவிற் கட்டப்பட்டு அமெரிக்க விண்ணோடமாகிய சலஞ்சர் மூலம் ஏவப்பட்ட இன்சாட்-1பி, வானிலையை நோக்குவதோடு செய்தியையுங் காவிச் சென்றது. கரையோர ஊர்களில் வைக்கப்பட்ட வாங்கிகளிடையே, ஆபத்துக்கு உள்ளாகும் ஊர்களிலுள்ளவற்றை மட்டுந் தெரிந்து, வானிலை நிலையத்திலிருந்தே அபாயச் சங்கை ஒலிக்கச்செய்து, மக்களின் மொழியிலே அறிவித்தல் விடுக்க அது வழிசெய்தது. 1990 மே மாதத்தில் அக்கரையை மீண்டும் பெருஞ் சூறாவளி தாக்கியபோது இறந்தோர் 1,000 பேருக்குக் குறைந்தனர். கண்ட கருவியே உரைத்த கருவியுமானது இவ்வேற்பாட்டின் தனிச்சிறப்பு.

வானிலைச் செய்மதிகள் முகில்களைக் காட்டின. நிலத்தை நுணுகிக் காட்டுஞ் செய்மதிகள் வேறொரு சிக்கலை எழுப்பின. 1972 யூலை 23ஆந் தேதி, பின்னர் லாண்ட்சாட் எனப் பெயர்பெற்ற வரிசையின் முதற் செய்மதி ஏவப்பட்டது. பயிர்நிலம், காடு, ஆற்றுப்படுகை, கனியவளம் எல்லாம் அதன் படத்திற் புலனாயின. தன் நாட்டின் வளத்தைப் பிறநாட்டார் தனக்கு முன்னே அறிந்துகொள்வரோ என்னும் அச்சம் வளர்முக நாடுகளுக்கு உண்டாயிற்று. பிறேசில், ஆர்ஜென்ரீனா முதலிய நாடுகள், ஒரு நாட்டைப் படம்பிடிக்குமுன் அந்நாட்டின் இசைவைப் பெறுதல் வேண்டும் என வாதிட்டன. செய்மதி உடைய நாடுகளோ, விண்வெளி யாவர்க்கும் பொதுவாதலின் அத்தகைய தடை கூடாதென்றன. பல்லாண்டு விவாதத்தின் பின், 1986 டிசம்பர் 3ஆந் தேதி, தொலையுணர்வுக் கோட்பாடுகள் பதினைந்தினைப் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. படம்பிடிக்க முன்னிசைவு வேண்டும் என்னும் கோரிக்கை கைவிடப்பட்டது. ஆயினும், படம்பிடிக்கப்பட்ட நாடு அத்தரவுகளைப் பாகுபாடின்றிப் பெறும் வழி வகுக்கப்பட்டது. அவற்றுட் பதினோராவது கோட்பாடு இங்கே சிறப்பாக நோக்கத்தக்கது. இயற்கை அனர்த்தத்துக்கு உள்ளான அல்லது உள்ளாகவிருக்கும் நாட்டுக்குப் பயன்படத்தக்க தரவுகளைக் கொண்டிருக்கும் நாடு, அவற்றை இயன்ற விரைவில் அந்நாட்டுக்கு அனுப்புதல் வேண்டுமென்று அது விதிக்கின்றது. கண்டவன் கூறக் கடமைப்பட்டவன் என்னும் அறம், அரசுகளுக்குரிய விதியாக எழுத்தில் ஏறியது இங்கேதான். எனினும், அது பொதுச்சபையின் தீர்மானமேயன்றி நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையன்று.

எழுத்திலுள்ள விதியினும் செயலிலுள்ள ஒத்துழைப்பு முந்தியும் விரைந்தும் செல்லுதலுண்டு. விபத்துக்குள்ளான விமானங்களும் கப்பல்களும் எழுப்பும் அபாயக் குறிகளைச் செய்மதி மூலம் கேட்டறியும் திட்டத்துக்குக் கனடா, பிரான்சு, ஐக்கிய அமெரிக்கா, சோவியத்து ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகளும் 1979இல் உடன்பட்டன. கொஸ்பாஸ்–சார்சாட் எனப்படும் அத்திட்டத்தின் முதற் செய்மதியைச் சோவியத்து ஒன்றியம் 1982 யூன் 30ஆந் தேதி ஏவிற்று. அவ்வாண்டு செப்டெம்பரிலே, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வீழ்ந்த சிறு விமானத்தின் குறியை அச்செய்மதி கேட்டது, மூவர் காப்பாற்றப்பட்டனர். ஆப்கானிஸ்தானத்துப் போரால் வல்லரசுகளின் உறவு மிகவும் சீர்குலைந்திருந்த காலம் அது. அக்காலத்திலும் மேற்கு நாடொன்றின் விமானியைச் சோவியத்துச் செய்மதி கண்டுபிடித்துக் கொடுத்தது. 1988இல் நிரந்தர உடன்படிக்கையாக்கப்பட்ட அத்திட்டத்தால் உலகெங்கணும் 50,000 பேருக்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டுள்ளனர்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், இவ்வொத்துழைப்பு அனர்த்தங்கள் அனைத்தையும் தழுவி விரிந்தது. அதற்குக் காரணம் பெருந்தன்மை மட்டுமன்று. தொழினுட்பத் தேவையும் ஆகும். நிலத்தை நுணுகி நோக்குஞ் செய்மதி, தாழ்ந்த பாதையிற் சுற்றுவது. ஒரே இடத்துக்கு மேலே மீண்டும் வர அதற்குப் பல நாள்கள் செல்லும். லாண்ட்சாட் வரிசையின் பிற்காலத்துச் செய்மதி ஒன்று ஓரிடத்துக்குத் திரும்ப 16 நாள்கள் வேண்டும். வெள்ளமோ மூன்று நாளில் வந்து வடிந்துவிடும். மேலும், சாதாரண கமரா முகிலை ஊடுருவாது. வெள்ளக் காலமோ முகில் மூடிய காலம். முகிலூடே நோக்கும் றேடார்க் கருவியை 1990களிற் சில நாடுகளே கொண்டிருந்தன. 1995இல் ஏவப்பட்ட கனடாவின் றடார்சாட்-1 அவற்றுள் ஒன்று. ஆகவே, எத்துணை வலிய நாடாயினும் தன் செய்மதிகளை மட்டுங்கொண்டு தன் அனர்த்தத்தை உரிய வேளையிற் காணவியலாது. பலர் கண்களையும் ஒன்றுசேர்ப்பின், எவரேனும் ஒருவரின் செய்மதி ஓரிரு நாளுள் அவ்விடத்தைக் கடக்கும்.

1999 யூலையில் வியன்னாவிற் கூடிய ஐக்கிய நாடுகளின் மூன்றாவது விண்வெளி மாநாட்டையடுத்து, ஐரோப்பிய விண்வெளி முகவரகமும் பிரான்சின் தேசிய விண்வெளி ஆய்வு நிலையமும் இக்கருத்துக்கு உருவங் கொடுத்தன. 2000 ஒக்டோபர் 20ஆந் தேதி கனடா அதில் ஒப்பமிட்டது. நவம்பர் 1ஆந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. விண்வெளியும் பேரனர்த்தங்களும் பற்றிய சர்வதேச சாசனம் என்பது அதன் பெயர். அம்மாதத்திலேயே சிலொவேனியாவில் நிகழ்ந்த மண்சரிவின் பொருட்டு அது முதன்முறை இயக்கப்பட்டது. 2001இல் இந்தியாவும் ஐக்கிய அமெரிக்காவும், 2003இல் ஆர்ஜென்ரீனாவும், 2005இல் யப்பானும், 2007இல் சீனாவும் தத்தம் நிறுவனங்களின் வாயிலாக இணைந்தன. பின்னர் ஜேர்மனி, கொரியா, பிறேசில், இரசியா முதலியனவும் சேர்ந்தன.

சாசனம் தொழிற்படும் முறை எளிது. அனுமதி பெற்ற அனர்த்த முகாமை அலுவலகம் ஒன்று, இரவு பகல் எந்நேரமும் விழித்திருக்கும் ஒரே நிலையத்துக்குச் செய்தி அனுப்பும். கடமையிலுள்ள அலுவலர் வேண்டுகோளைச் சரிபார்த்து, எந்நாட்டின் எச்செய்மதி விரைவில் அவ்விடத்தைக் கடக்குமென நோக்கி, அந்நாட்டைப் படம்பிடிக்குமாறு வேண்டுவர். படங்களை வல்லுநர் ஆய்ந்து, வெள்ளம் பரவிய எல்லை, இடிந்த கட்டடம், துண்டிக்கப்பட்ட பாதை ஆகியவற்றைப் படவரைபாக ஆக்கி அனுப்புவர். பணம் கைமாறுவதில்லை. தொடக்கத்தில் உறுப்பு நாடுகளின் வழியாகவே வேண்டுகோள் விடுத்தல் வேண்டியிருந்தது. 2012ஆம் ஆண்டு முதல், தகுதி பெற்ற எந்நாட்டு அதிகாரியும் நேரே வேண்டுவதற்கு வழி திறக்கப்பட்டது. இதுவரை 800க்கு மேற்பட்ட தடவை அது இயக்கப்பட்டுள்ளது. வழங்குவோர் என்றும் வழங்குவோராகவே இருந்தாருமல்லர். 2005இற் கத்தரீனாச் சூறாவளியின்போது ஐக்கிய அமெரிக்காவும், 2008இற் சிச்சுவான் நிலநடுக்கத்தின்போது சீனாவும், 2011இல் ஆழிப்பேரலையின்போது யப்பானும் பிறர் படங்களை வேண்டிப் பெற்றன.

இலங்கை மக்கள் இச்சாசனத்தின் வலிமையையும் குறையையும் ஒருங்கே அறிந்த நாள் 2004 டிசம்பர் 26 ஆகும். சுமாத்திராவுக்கு அப்பாலே எழுந்த ஆழிப்பேரலை, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தது. இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். இந்து சமுத்திர நாடுகளில் மாண்டோர் இரண்டேகால் இலட்சத்துக்குக் குறையார். நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில், அமெரிக்காவும் பிரான்சும் கூட்டாக ஏவிய ஜேசன்-1 என்னும் செய்மதி வங்காள விரிகுடாவைக் கடந்தது. ஆழ்கடலிலே ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் உயர்ந்து சென்ற அலையின் முன்விளிம்பை அது அளந்தது. ஆனால், அது கடல்மட்ட ஆய்வுக்கென ஏவப்பட்டது. அதன் அளவீடுகள் பல மணித்தியாலங் கழித்தே நிலத்திற் பயன்படும் நிலைக்கு வந்தன. அலையைச் செய்மதி அளந்துகொண்டிருந்த வேளையிலேயே கீழ்க்கரையில் ஊர்கள் அழிந்துகொண்டிருந்தன. சாசனம் உடனே இயக்கப்பட்டது. பல நாட்டுச் செய்மதிப் படங்களும் வந்தன. அவை அழிவின் அளவைக் கூறின. அழிவைத் தடுக்கும் வேளை கடந்துவிட்டது. அனர்த்தத்தின் பின் உதவுவதற்கென ஆக்கப்பட்ட சாசனம், முன்னெச்சரிக்கைக்கு ஈடாகாது என்பது அன்று பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம்.

அப்பாடத்தின்படி காரியங்கள் நடந்தன. இலங்கையிலே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. யுனெஸ்கோவின் அரசாங்கங்களுக்கிடையேயான சமுத்திரவியல் ஆணைக்குழுவின் கீழ், இந்து சமுத்திரத்துக்கென ஆழிப்பேரலை எச்சரிக்கை முறை ஒன்று நிறுவப்பட்டது. 2011 முதல் அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் அயல்நாடுகளுக்கு அறிவித்தல் விடுக்கின்றன. கடலடியில் வைத்த அமுக்கமானி அலையை உணர்ந்து, மேலே மிதக்கும் மிதவைக்கு உரைக்க, மிதவை செய்மதிக்கு உரைக்க, செய்மதி கரைநிலையத்துக்கு உரைக்கும். இங்கே செய்மதி கண்ணன்று, தூதுவன். 2012 ஏப்பிரல் 11ஆந் தேதி சுமாத்திராவுக்கு அப்பாலே மீண்டும் பெரிய நிலநடுக்கம் நிகழ்ந்தபோது, இலங்கைக் கரையோரத்தவர் உரிய வேளையில் எச்சரிக்கப்பட்டு உள்நிலத்துக்குச் சென்றனர். பேரலை எழவில்லை, ஆயினும், எச்சரிக்கும் முறை தொழிற்பட்டது. ஆசியாவிலே யப்பானின் முயற்சியால் 2006இற் சென்றினல் ஏசியாத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 14ஆந் தேதி பொதுச்சபை 61/110ஆம் இலக்கத் தீர்மானத்தால் ஐக்கிய நாடுகளின் ஸ்பைடர் திட்டத்தை நிறுவிற்று. செய்மதியில்லாத நாடுகளும் செய்மதித் தரவைப் பெற்றுப் பயன்படுத்த வழிகாட்டுதல் அதன் பணி. 2016 மே மாதத்தில் அரநாயக்க மண்சரிவும் பெருவெள்ளமும் நேர்ந்தபோதும், 2017இல் மீண்டும் வெள்ளம் நேர்ந்தபோதும், இலங்கையின் பொருட்டுச் சாசனம் இயக்கப்பட்டது.

இவ்வளவு நடந்தும் இடைவெளிகள் அடைபட்டுவிட்டன எனக் கூறவொண்ணாது. சாசனம் விருப்பத்தால் நிகழும் உதவியேயன்றிச் சட்டக் கடமையன்று. உறுப்பு நாடுகளின் செய்மதியும் செல்வமும் நல்லெண்ணமும் உள்ளவரையே அது நிலைக்கும். அரசியற் பிணக்கும் முற்றாக ஒழிந்திலது. 2017 மே 5ஆந் தேதி இந்தியா தென்னாசிய நாடுகளுக்கென ஏவிய செய்மதித் திட்டத்தில் இலங்கை, பங்களாதேசம், நேபாளம், பூட்டான், மாலைதீவு, ஆப்கானிஸ்தானம் ஆகியன பங்குகொண்டன. பாகிஸ்தான் விலகி நின்றது. சூறாவளிக் குழுவில் ஒருங்கமர்ந்தோர் செய்மதியில் ஒன்றுசேரவில்லை.

இவற்றினும் ஆழ்ந்த குறை ஒன்று உண்டு. லாண்ட்சாட் படங்கள் 2008 முதலும், ஐரோப்பாவின் சென்றினல் செய்மதிகளின் படங்கள் 2014 முதலும் யாவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. படம் கிடைத்தும் அதனை வாசிப்பார் இல்லையாயின் யாது பயன்? எந்த ஊர் தாழ்நிலம், எந்த ஒழுங்கை முதலில் நீரில் மூழ்கும், எந்தப் பாடசாலையின் மேல்மாடி பாதுகாப்பானது என்பவற்றைப் படம் தானாக உரைக்காது. வானத்துப் படத்தையும் ஊரறிவையும் இணைக்கவல்லார் அந்தந்த நாட்டிலேயே தோன்றுதல் வேண்டும். ஐக்கிய நாடுகளின் சார்பில் 1995இல் இந்தியாவின் தெராதூனில் நிறுவப்பட்ட விண்வெளி அறிவியற் கல்வி நிலையம் ஆசிய நாட்டினரைப் பயிற்றி வருவது இக்கருத்துப் பற்றியேயாம். புவியியலைப் பாடமாகக் கற்பிக்கும் பாடசாலைகளுக்கும் இதிற் பங்குண்டு. படவரையை வாசிக்கப் பழகிய மாணவன் வளர்ந்து, தன் ஊரின் அபாயத்தைத் தானே உணர்பவனாவான்.

1970இற் செய்மதி கண்டது, மக்கள் மாண்டனர். 2004இற் செய்மதி அளந்தது, மக்கள் மாண்டனர். 2007இலும் 2012இலும் செய்மதி காட்டியதும் காவியதும் தொண்டரையும் அலுவலரையும் அடைந்து, அவர்வழி மக்களையும் அடைந்தன, பலர் பிழைத்தனர். இவ்விரு வகை ஆண்டுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு செய்மதியின் திறத்தால் மட்டும் விளைந்ததன்று. ஒரு நாடு தான் கண்டதை மற்றொரு நாட்டுக்கு உரைக்க முன்வந்தமையும், ஊரவர் ஒருவர் இரவிலே எழுந்து அயல்வீட்டுக் கதவைத் தட்ட முன்வந்தமையுமே அவ்வேறுபாட்டை விளைத்தன. 1962இல் வெக்ஸ்லரும் புகாயெவும் வரைந்த உடன்பாட்டுக்கும், வங்காளக் கழிமுகத்திலே கொடியேற்றிச் சென்ற தொண்டரின் செயலுக்கும் அடிப்படை ஒன்றே. ஆபத்தை முதலில் அறிந்தவர், அதனை அறியாதவருக்குக் கடமைப்பட்டவராவார்.